ஓலைக் குடில், ஒரு பகல், இரண்டு பேர்: கடற்கரையில் ஒரு சாகச நாள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறை கிடைத்தால் நானும் என் வீட்டுக்காரரும் போய் விழுவது வெப்பமண்டலக் கடற்கரைகளில்தான். நட்சத்திர விடுதி எல்லாம் இல்லை. ஓலை வேய்ந்த குடில், சில மணி நேரம் மட்டும் மின்சாரம், வாசலில் கால் வைத்தால் மணல். திரும்பி வந்ததும் தோழிகளும் சொந்தக்காரர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றைத்தான் பதிலோடு சேர்த்து எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்களில் துணிச்சல்காரர் அவர், பயந்தாங்கொள்ளி நான். இந்தப் பதில்களை எழுதியிருப்பது பயந்தாங்கொள்ளி.

அந்த மாதிரிக் குடிலில் என்ன இருக்கும், என்ன இருக்காது?

கட்டில், கொசுவலை, கை கால் கழுவ வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். ஏசி, வெந்நீர், வைஃபை இருக்காது. குழாய்த் தண்ணீர் பல இடங்களில் லேசாக உப்புக் கரிக்கும், சோப்பு நுரைக்காது. கூரையில் பல்லி உண்டு. அது உங்கள் பக்கம்தான், பூச்சிகளைப் பிடிக்கும். கொசுவலையில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். ராத்திரி ஓட்டை தேடுவது பெரிய வேதனை.

ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது? காலை இது, மாலை அது என்று எழுதிவைத்துக்கொள்ளலாமா?

எழுதலாம், ஆனால் கடிகாரத்தைப் பார்த்து எழுதாதீர்கள், கடலைப் பார்த்து எழுதுங்கள். பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்று காலை 8 மணிக்கு வற்றிக் கிடந்த திட்டு இன்று 8.50 வாக்கில்தான் வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கரையின் ஒரு முனையில் கடலுக்குள் நீண்ட ஒரு பாறை மூக்கு இருந்தது. வற்றிய நேரத்தில் அதைச் சுற்றி ஈர மணலில் நடந்தால் அந்தப் பக்கம் ஆளே இல்லாத குட்டி வளைகுடா. போனோம், கிளிஞ்சல் பொறுக்கினோம், அவர் சொக்கிப்போய்ப் படுத்துவிட்டார். இரண்டரை மணி நேரம் கழித்துத் திரும்பினால் நடந்து வந்த வழியில் இடுப்பளவு தண்ணீர், பாறையில் மோதித் திரும்பும் அலை வேறு. "என்னங்க, வழியே காணோம்" என்றேன். "இரு, இரு, வற்றும்" என்றார். வற்றுவதா? அது ஏற ஆரம்பித்தே ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. கடைசியில் பாறை மேல் தவழ்ந்து வந்து சேர்ந்தோம். என் செருப்பு ஒன்று இன்னும் அந்தப் பாறை இடுக்கில்தான் இருக்கும்.

தண்ணீர் ஒரே சீராக ஏறாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணி நேரம் மெதுவாகத்தான் ஏறும். மூன்றாவது, நான்காவது மணியில்தான் மொத்த உயரத்தில் ஏறக்குறைய பாதி வந்து சேரும். "கொஞ்சம்தானே ஏறியிருக்கிறது" என்று உட்கார்ந்திருப்பவரை மாட்டிவைப்பது இந்தக் கணக்குதான். பாறை மூக்கைச் சுற்றிப் போவதென்றால் கடல் இன்னும் வற்றிக்கொண்டிருக்கும்போதே கிளம்பி, ஏறத் தொடங்குமுன் திரும்பிவிடுங்கள். வற்றும் நேரத்தைக் குடில்காரரிடமோ அந்தக் கரை மீனவரிடமோ கேளுங்கள், வாயிலேயே வைத்திருப்பார்கள்.

விடுமுறையில்கூட விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டுமா?

ஆமாம். மன்னிக்கவும்.

பகலில் கடலைவிடத் தரை சீக்கிரம் சூடாகும். தரை மேலுள்ள காற்று சூடேறி மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் இது பலமாகிவிடும். அதனால் காலை 6 மணிக்குத் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடக்கும் கடல், மதியம் 2 மணிக்கு நுரை தள்ளிக்கொண்டிருக்கும். படகு, முங்கிப் பார்த்தல், நீண்ட நடை என்று உடம்பைக் கேட்கும் எல்லாவற்றையும் காலை 10 மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்தை மதியத்துக்குத் தள்ளிப்போடலாம்.

கயாக்கில் இரண்டு பேரும் ஒரே படகில் ஏறுவதா, ஆளுக்கொன்றா?

நீச்சலிலும் பலத்திலும் ஒருவருக்கொருவர் பெரிய வித்தியாசம் இருந்தால் ஒரே படகு. தனித்தனிப் படகில் பலசாலி முன்னே போய்விடுவார், மற்றவர் பின்னால் மூச்சு வாங்குவார். ஒரே படகில் பின்னால் இருப்பவர் திசை பிடிக்க வேண்டும், முன்னால் இருப்பவர் தாளம் போட வேண்டும். பின்னால் இருப்பவர் முன்னவரின் துடுப்பைப் பார்த்து அதோடு சேர்த்துப் போட்டால் துடுப்புகள் மோதாது. மோதத்தான் செய்யும். "நீ போடவே இல்லை", "நீங்கள்தான் வளைக்கிறீர்கள்" என்ற சண்டை முதல் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். எங்களுக்கு வந்தது. கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே சிரித்தார்.

விளையாட்டில்லாத விஷயம் ஒன்று உண்டு. கரையிலிருந்து கடல் பக்கமாகக் காற்று அடித்தால் இறங்காதீர்கள். கரையோரத்தில் தண்ணீர் அமைதியாகத்தான் தெரியும். நூறு மீட்டர் தள்ளிப் போன பிறகுதான் படகு தானாகவே வெளியே போவது புரியும். மற்ற நாட்களிலும் முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். கை ஓய்ந்த பிறகு திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். லைஃப் ஜாக்கெட்டின் எல்லா வாரையும் இறுக்குங்கள். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் அது காது வரை ஏறுகிறதென்றால் உங்கள் அளவு இல்லை.

கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாதீர்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தலை தெரியாது, படகு தெரியும். இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே ஒரு தடவை கவிழ்த்துப் பழகுங்கள். ஒருவர் எதிர்ப்பக்கம் தொங்கி அழுத்திப் பிடிக்க, மற்றவர் வயிறு படியும்படி ஏறிப் படுத்து, பிறகு திரும்பி உட்கார வேண்டும். பார்க்க அழகாக இருக்காது.

எனக்கு நீச்சல் தெரியாது. கடலுக்கடியில் பார்க்க ஆசை. முடியுமா?

முடியும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல், அலையில்லாத இடுப்பளவு தண்ணீரில், முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் போட்டு முகத்தை மட்டும் உள்ளே விடுங்கள். காலுக்குக் கீழே மணல்தான் இருக்கிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். துணை கையெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும், "இதோ வந்துவிடுகிறேன்" என்று போகக் கூடாது.

கண்ணாடி பொருந்துகிறதா என்று பார்க்க, வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் நின்றால் சரி. மீசை வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் கசியும். என் வீட்டுக்காரர் மீசையை விடவும் மாட்டார், கசிவைப் பற்றிப் புலம்புவதை நிறுத்தவும் மாட்டார். கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்து அலசினால் ஆவி படியாது. அருவருப்பாக இருக்கிறதா? முதல் மீனைப் பார்த்ததும் மறந்துவிடும்.

பவளத்திட்டு அருகே தலையை நீருக்குள் வைத்ததும் நறநறவென்று ஏதோ கடிக்கும் சத்தம் கேட்டால் அது கிளிமீனாக இருக்கலாம். கிளி மூக்கு மாதிரியான பற்களால் பவளப்பாறையைச் சுரண்டி, அதிலுள்ள பாசியைத் தின்று, சுண்ணாம்பைத் தொண்டைப் பற்களால் பொடியாக்கிப் பின்னால் விட்டுவிடும். பெரிய மீன் ஒன்றே ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் செய்யும். நீங்கள் வெறுங்காலோடு நடந்து புகழும் அந்த வெள்ளை மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். இதை அவரிடம் சொன்ன பிறகு மணலில் தலை வைத்துப் படுப்பதை இரண்டு நாள் நிறுத்தியிருந்தார்.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள். அது உயிர், உங்கள் எடையில் நொறுங்கும். உங்கள் காலையும் கிழிக்கும், அந்தக் காயம் சீக்கிரம் ஆறாது.

கடல் இழுத்துக்கொண்டு போய்விடும் என்கிறார்களே, அது எப்படி? கண்டுபிடிக்க முடியுமா?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக வேண்டும். எங்கே மணல் மேட்டில் இடைவெளி இருக்கிறதோ, எங்கே ஆழம் கூடுதலோ, அந்த வழியே அது ஒரு வாய்க்கால் மாதிரி திரண்டு வெளியே ஓடும். கரையில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல் கருமையாக, அமைதியாக இருக்கும். சில நேரம் நுரையும் பாசியும் அந்த வழியாக வெளியே போவது தெரியும். புதிதாக வருபவர் "இங்கேதான் அலையே இல்லை" என்று சரியாக அந்த இடத்தில் இறங்குவார்.

வேகமானால் அது வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஓடும். ஒலிம்பிக் நீச்சல்காரரே எதிர்த்துப் போக முடியாது, நாம் எம்மாத்திரம். ஆனால் அது ஆளைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். ஆளைக் கொல்வது கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போவது. மாட்டினால் மல்லாந்து மிதங்கள், மூச்சை நிதானப்படுத்துங்கள், கையை உயர்த்தி ஆட்டுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு கரைக்குத் திரும்புங்கள்.

இருவராகப் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஒருவர் மாட்டினால் மற்றவர் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. பாசம் குதி என்றுதான் சொல்லும். பல இடங்களில் காப்பாற்றப் போனவர் மூழ்கி, மாட்டியவர் மிதந்து தப்பியிருக்கிறார். மிதக்கும் எதையாவது வீசுங்கள்: லைஃப் ஜாக்கெட், மூடி இறுக்கிய காலிக் கேன், தெர்மாகோல் பெட்டி. கூச்சல் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கண்ணை அவர் மேலிருந்து எடுக்காதீர்கள். இதைக் கரையில் இருக்கும்போதே இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒவ்வொரு முறையும் முதல் நாள் பேசுகிறோம், பேசும்போது அவர் கொட்டாவி விடுவார், பரவாயில்லை.

கொட்டுவது, குத்துவது எல்லாம் நிறைய இருக்குமோ?

இருக்கும், ஆனால் உங்களைத் தேடி வராது. ஆழமில்லாத மணல் தரையில் திருக்கை புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடந்தால் அதிர்வு கேட்டு விலகிவிடும். திருக்கையோ கல்மீனோ குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில், அதாவது சுமார் 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில், அந்த இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி குறையும். சூட்டை வலியில்லாத கையால் சோதித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

சொறி மீன் (ஜெல்லி மீன்) கொட்டினால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைக் குச்சியாலோ இடுக்கியாலோ எடுங்கள். பெட்டி வடிவச் சொறி மீனுக்கு வினிகர் உதவும், எல்லா வகைக்கும் அல்ல. அந்தக் கரையில் எது வரும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் விடலாம் என்பது வெறும் கதை. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி வந்தால் கை வைத்தியம் வேண்டாம், ஓடுங்கள்.

அழகான கூம்பு வடிவச் சங்கைக் கையில் எடுக்காதீர்கள். உள்ளே நத்தை உயிரோடு இருந்தால் அது விஷ ஈட்டியைக் குத்தும், சில வகைகள் மனிதரைக் கொல்லக்கூடியவை. பரிசளிக்க வேறு எவ்வளவோ கிளிஞ்சல் கிடக்கிறது.

வெயிலை எப்படிச் சமாளிப்பது?

உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் தோலைச் சுடும் என்று அர்த்தம். இந்தப் பகுதிகளில் காலை 9 மணி தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே நிழல் அப்படிக் குட்டையாகிவிடும். மேகம் இருந்தாலும் நம்ப வேண்டாம். சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை, தண்ணீரை விட்டு ஏறியதும் மறுபடி. மறக்கிற இடங்கள்: காது, புறங்கால், முழங்காலுக்குப் பின்புறம், வகிடு. குப்புற மிதந்து மீன் பார்த்ததில் எனக்கு முழங்காலுக்குப் பின்னால் வெந்து மூன்று நாள் உட்கார முடியவில்லை. அதற்கப்புறம் முழுக்கைச் சட்டையோடுதான் தண்ணீரில் இறங்குகிறேன். துணி மாதிரி எந்தக் களிம்பும் வராது.

ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த களிம்பு பவளத்துக்குக் கெடுதல் என்று பலாவு நாடு 2020-லிருந்து தடை செய்திருக்கிறது. ஹவாயில் 2021-லிருந்து விற்கக் கூடாது. துத்தநாக ஆக்ஸைடு உள்ளதை வாங்கலாம். முகம் கொஞ்சம் சுண்ணாம்படித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

மதியம் முழுக்க என்ன செய்வது?

தூங்குங்கள். நிழல் பார்த்துப் பாய் விரியுங்கள், ஆனால் காய் தொங்கும் தென்னைக்கு அடியில் வேண்டாம். கரீபியன் பக்கம் போனால் மான்சினீல் என்றொரு மரம் உண்டு. சின்ன ஆப்பிள் போலப் பச்சைக் காய், மினுங்கும் இலை. காய் விஷம், பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், மழைக்கு அதனடியில் ஒதுங்கினால்கூட ஆபத்து. தெரியாத மரத்துக் காயைக் கடித்துப் பார்க்கும் ஆசையை எந்தக் கரையிலும் விட்டுவிடுங்கள்.

தூக்கம் வராதவர்கள் மணல்மேட்டைப் பாருங்கள். அடப்பங்கொடி படர்ந்திருக்கும், வெப்பமண்டலக் கரைகளில் உலகம் முழுக்க இருக்கிறது. ஆட்டின் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்த இலை, ஊதா நிறத்தில் புனல் பூ. அதன் விதை கடலில் மிதந்தே ஊர் விட்டு ஊர் போகும். காற்றில் ஓடிவிடாமல் அந்த மணலைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான், மிதிக்காமல் நடங்கள்.

எனக்குச் சாகசம் பிடிக்கும், துணைக்குப் பயம். (அல்லது நேர்மாறாக.) என்ன செய்வது?

பயப்படுகிறவர்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். பயந்தாங்கொள்ளி வேறென்ன சொல்வாள் என்று நினைப்பீர்கள். யோசித்துப் பாருங்கள்: துணிச்சல்காரருக்கு ஒரு சின்னச் சாகசம் குறைந்தால் கொஞ்சம் ஏமாற்றம், அவ்வளவுதான். பயந்தவரைக் கட்டாயப்படுத்தி இறக்கினால் அந்த நாளும் போச்சு, அடுத்த பயணமும் போச்சு.

எங்களிடம் ஒரு விதி உண்டு. யார் "போதும்" என்று சொன்னாலும் அந்த நிமிடமே திரும்ப வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது, ராத்திரி சாப்பிடும்போதும் அதை இழுக்கக் கூடாது. இந்த விதி வந்த பிறகு நான் முன்பைவிட அதிகத் தூரம் போகிறேன். திரும்ப முடியும் என்று தெரிந்தால் இன்னும் நாலு அடி போகக் கால் வருகிறது.

ஒரு தடவை வீட்டு மாடி உயரப் பாறையிலிருந்து கடலில் குதிக்க அவருக்கு ஆசை. முந்தின நாள் அங்கே இளைஞர்கள் குதித்ததைப் பார்த்திருந்தார். நான் "போதும்" என்றேன். முகம் சுண்டிப்போனாலும் பேசாமல் இறங்கி வந்தார். பிறகு இருவரும் கண்ணாடி போட்டு அந்த இடத்தில் நீந்திப் பார்த்தோம். அவர் குதிக்க நினைத்த இடத்தில் என் நெஞ்சளவு ஆழத்தில் ஒரு கருங்கல். முந்தின நாள் அவர்கள் குதித்தது கடல் ஏறிய நேரம், நாங்கள் போனது வற்றிய நேரம். அவர் மூச்சுக் குழாயை வாயிலிருந்து எடுத்து, கல்லைப் பார்த்து, என்னைப் பார்த்து, "டீ குடிக்கலாமா?" என்றார்.

இடி மழை வந்தால்?

இடிச் சத்தம் கேட்டதுமே தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள். திறந்த ஓலைக் குடிசை மின்னலுக்குப் பாதுகாப்பல்ல. சுவரும் கூரையும் உள்ள நல்ல கட்டடமோ கண்ணாடி ஏற்றிய காரோ வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் போகட்டும்.

இருட்டிய பிறகு கரையில் நடக்கலாமா?

கட்டாயம் நடங்கள், ஆனால் டார்ச்சோடு கிளம்புங்கள். நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி சட்டென்று முடிந்துவிடும். சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் பாதை தெரியாது.

கடலாமை முட்டையிட வரும் கரையாக இருந்தால் டார்ச்சை அணைத்துவிட்டு, அசையாமல் தூரத்தில் நில்லுங்கள். போட்டோ, ஃபிளாஷ் வேண்டாம். பயந்தால் முட்டையிடாமலே திரும்பிவிடும். ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டை இருக்கும், பொரிய இரண்டு மாதம் போல ஆகும். வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான அடிவானம்தான் கடல் என்று நம்பி ஓடுபவை. குடில் விளக்கு அவற்றை நேர் எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடும்.

நிலா இல்லாத ராத்திரியில் அலை விளிம்பில் நீல வெளிச்சம் தெரிந்தால் அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். தண்ணீர் அசைந்தால் ஒளிரும். எங்களுக்கு ஒரே ஒரு முறை வாய்த்தது. ஈர மணலில் கால் வைத்த இடமெல்லாம் ஒரு நொடி மின்னி அணைந்தது. நாற்பது வயது தாண்டிய மனிதர் சின்னப் பையன் மாதிரி ஒற்றைக் காலில் குதித்துக் குதித்துப் போனார். நான் "போதும்" என்று சொல்லவில்லை.

பையிலும் உடம்பிலும் ஒட்டிய மணல் எப்படிப் போகும்?

ஈரமாக இருக்கும்போது தட்டாதீர்கள். முகப் பவுடரைத் தூவித் துடைத்தால் ஈரம் போய் மணல் உதிரும். பையை உள்வெளியாகத் திருப்பி வெயிலில் காயவைத்து உதறுங்கள். போன தடவைப் பையை நான்கு முறை உதறினேன். நேற்று மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன், அதில் இருந்தது.